இருமுறை தவறிய பட்டம்

நம் ஊர் அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்த என். சங்கரய்யா, 1941-இல் இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தபோது கைதானார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீதான அடக்குமுறையைக் கண்டித்ததே காரணம். தேர்வு எழுத முடியவில்லை. பிறகு மதுரைச் சதி வழக்கிலும் சிறை சென்று, 1947 ஆகஸ்ட் 14 அன்றுதான் வெளியே வந்தார்.

1962-இல் சீனாவுடன் போர் மூண்டபோது மீண்டும் சிறை. எல்லைத் தகராறைப் பேசித் தீர்க்கச் சொன்ன கம்யூனிஸ்டுகளுக்குச் 'சீன ஆதரவாளர்' என்ற முத்திரை விழுந்த காலம் அது. கட்சிக்குள்ளும் பிளவு முற்றியது. 1964-இல் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளியேறினர். மார்க்சிஸ்ட் கட்சி உருவானது. அந்த 32 பேரில் சங்கரய்யாவும் ஒருவர். அந்த முத்திரையையும் மீறி 1967-இல் மதுரை மேற்கும், 1977, 1980 தேர்தல்களில் மதுரை கிழக்கும் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பின.

2023-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கத் தீர்மானித்தது. வேந்தரான ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 15 அன்று, நூறு வயதைக் கடந்த அவர் காலமானார்.

அவரது கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். வெள்ளைக்காரர் ஆட்சியில் தவறிய பட்டம் சுதந்திர நாட்டிலும் கைக்கு வரவில்லை என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.