ஆறு அங்குலப் பிழை

பல ஆண்டுகளுக்கு முன்னர், செய்தி சேகரிப்பதற்காக மன்னார்க் கரையோரக் கிராமமொன்றிற் சில நாட்கள் தங்கியிருந்தேன். கடலட்டை பிடிக்கும் சுழியோடி ஒருவர், புதிதாக வாங்கிய றெகுலேற்றரைச் சிலிண்டரிற் பூட்டி, அதன் வாய்ப்பகுதியை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திவிட்டுப் பக்கத்திற் குந்தியிருந்தார். முதலில் ஒன்றுமில்லை. சில நிமிடங்களின் பின் ஒரு குமிழி எழுந்தது. பிறகு இன்னொன்று.

"புதுச் சாமான் எண்டு நம்பக்கூடாது ஐயா. வாளிக்குள்ள பிழை தெரிஞ்சால் கழட்டித் திருத்தலாம். கடலுக்குள்ள தெரிஞ்சால் ஆர் திருத்துறது?" என்றார். அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. அன்றைய உழைப்பும் இல்லை.

அந்தக் கருவியின் வரலாற்றைப் பின்னாளிற் படித்தபோது அவருடைய வாளிதான் நினைவுக்கு வந்தது.

1860களில் பிரான்சில் ரூக்கேரோல் என்ற சுரங்கப் பொறியியலாளரும் தெனேரூஸ் என்ற கடற்படை அதிகாரியும், மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றை விடுவிக்கும் வால்வொன்றைச் சுழியோடிகளுக்காக அமைத்தனர். ஆனால் அக்காலக் கலங்கள் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. பெரும்பாலும் மேலிருந்து குழாய் வழியாகவே காற்றை அனுப்ப வேண்டியிருந்தது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், ஜேர்மனியரின் பிடியிலிருந்த பிரான்சிற் பெற்றோலுக்குப் பெருந்தட்டுப்பாடு. மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்காக, எயார் லிக்கீட் நிறுவனப் பொறியியலாளர் எமில் கன்யான் ஒரு வால்வைச் செய்திருந்தார். அதையே சுவாசத்திற்கு ஏற்றவாறு மாற்றித் தரும்படி கடற்படை அதிகாரி ஜக் கூஸ்ரோ கேட்டார்.

1943 தொடக்கத்தில், கடுங்குளிரில், பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றிற் கூஸ்ரோ அதனை அணிந்து இறங்கினார். கிடையாக நீந்தியபோது கருவி ஒழுங்காக இயங்கியது. நிமிர்ந்து நின்றபோது காற்று வீணாகப் பீறிட்டது. தலைகீழானபோது மூச்சை இழுக்கவே முடியவில்லை.

காரணம் எளிமையானது. காற்று வெளியேறும் வாய், உள்ளெடுக்கும் வால்விலிருந்து ஏறத்தாழ ஆறு அங்குலம் தள்ளி இருந்தது. நீரிற் பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆறு அங்குலத்துக்கு அதில் நூற்றில் ஒன்றரைப் பங்குதான். அந்தச் சிறு வித்தியாசமே போதுமாக இருந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் அருகருகே வைத்தார்கள். பிழை நீங்கியது.

பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1956இல், ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இத்தகைய கருவிகளுடன் திருகோணமலைச் சுவாமிமலையடியில் மூழ்கினர். பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் கோயிலின் செதுக்கிய தூண்கள் கடலடியிற் கிடப்பதைக் கண்டனர். மார்ன் ஆற்றிலே திருத்திய பிழைக்கு நம் வரலாறும் கடன்பட்டிருக்கிறது.

மன்னார் வாளியிற் கண்ட குமிழிக்கும் விளக்கம் உண்டு. றெகுலேற்றரின் முதற்பகுதி, சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தைச் சுமார் 10 பாருக்குக் குறைக்கிறது. வாயிலுள்ள இரண்டாம் பகுதி அதனை மூச்சுக்கு ஏற்றதாக்குகிறது. திறந்தவுடனே இடைவிடாது குமிழி வந்தால் பெரும்பாலும் இரண்டாம் பகுதியைச் சரிசெய்ய வேண்டும். சற்றுத் தாமதித்து வந்தால் முதற்பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். அதன் மென்மையான வால்விருக்கை முழுதாக மூடாவிட்டால் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறி, இரண்டாம் பகுதியைத் தள்ளித் திறந்துவிடும். அழுத்தமானியைப் பூட்டினால், ஓரிடத்தில் நிற்க வேண்டிய முள் ஊர்ந்து ஏறுவது தெரியும். புதிய இருக்கை படிந்து அமைவதற்குச் சில மணி நேரப் பாவனை தேவைப்படும். ஆகவே புதிய கருவிக்கும் மறுசோதனை வேண்டும்.

கூஸ்ரோ இறங்கியது ஆற்றில். பிழை தெரிந்ததும் தலையை வெளியே எடுக்க முடிந்தது. இருபது மீற்றர் ஆழத்தில் அந்த வசதி இல்லை. ஒரு நாள் உழைப்பை இழந்து வாளியருகே குந்தியிருந்த அந்த மனிதருக்கு மார்ன் ஆறு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. அங்கு கற்ற பாடம் தெரிந்திருந்தது.