பாடு முறை (பழவேற்காடு ஏரி)

பாடு முறை என்பது பழவேற்காடு ஏரியின் மீன்பிடி இடங்களை மீனவக் குப்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்காறு. எந்த ஊர், எந்த நாளில், எந்த இடத்தில், எந்த வலையை இறக்கலாம் என்பதை இது வரையறுக்கிறது. ஏரியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது; முறை வரும் நாளில் தொழில் செய்யும் உரிமையே ஒருவருக்கு உண்டு. எழுதப்பட்ட சட்டத்தில் இடம்பெறாவிட்டாலும் கரையோர மக்களின் வாழ்வை இந்த வழக்காறு பல தலைமுறைகளாக ஒழுங்குபடுத்தி வருகிறது.

ஏரியின் அமைப்பு

பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலும் அமைந்துள்ளது. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. அவை திரும்பும் வழியான முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில் மீன்பாடு அதிகம். எல்லோரும் ஒரே இடத்தில் வலை இறக்கினால் சண்டையே மிஞ்சும் என்பதால்தான் முறைவைக்கும் ஏற்பாடு தேவைப்பட்டது. மணல் மூடி முகத்துவாரம் அடைபடும் காலங்களில் இறால் வரத்தும் குறைந்து, முறையும் தளர்ந்துவிடுகிறது.

இயங்கும் விதம்

கோட்டைக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் தொன்றுதொட்டுப் பாட்டுரிமை (பாடு முறையில் பங்குபெறும் உரிமை) கொண்டவை. ஊருக்கு ஊர் முறை சுழன்று வரும். ஊருக்குள் குழுக்களுக்கு இடத்தைச் சீட்டுப்போட்டுத் தீர்மானிப்பர். ஊர்வரி கொடுக்கும் தலைக்கட்டுகளே பங்குக்கு உரியவர்கள். முறை தவறி வலை இறக்கினால் ஊர்ப்பஞ்சாயத்து விசாரித்து அபராதம் விதிக்கும். நல்ல இடம் ஒருவரிடமே நிலைத்துவிடாமல் கைமாறிக்கொண்டே இருப்பதால், வசதியுள்ளவரும் இல்லாதவரும் காலப்போக்கில் ஏறக்குறைய ஒரே வாய்ப்பைப் பெறுகின்றனர்.

இம்முறையின் குறையையும் சொல்லியாக வேண்டும். பெண்களுக்குப் பாட்டுரிமை கிடையாது. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் இதற்கு வெளியேதான் இருக்கிறார்கள். இறாலுக்கு ஏற்றுமதி விலை கிடைக்கத் தொடங்கியபின் பிற ஊர்களும் சமூகங்களும் பங்கு கோரின. அதனால் மோதல்களும் எழுந்தன.

கரை நிலமும் நீர் உரிமையும்

ஏரிக்கரையில் பட்டா நிலம் வாங்குபவரின் உரிமை பட்டாவின் எல்லையோடு முடிகிறது. நீரும் ஏரிப்படுகையும் அரசின் பொறுப்பில் உள்ள பொதுச்சொத்து. இயற்கை வளங்களை மக்களுக்காக அரசு அறங்காவலராகக் காக்க வேண்டும் என்று கமல்நாத் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் வழக்காற்று உரிமைகளைப் பறிக்கவில்லை. நெடுங்காலம் தடையின்றிப் பயன்படுத்திய வழிக்கும் அது பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே படகு இறக்கும் துறைக்கும் வலை உலர்த்தும் மணலுக்கும் செல்லும் பாதையை வேலிபோட்டு மறிப்பவர், அந்த வழக்காற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை (2011) மீனவரின் வாழ்வாதாரப் பாதுகாப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறியது. மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொதுச்சொத்துகளையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றும் அது பணித்தது. வன உரிமைச் சட்டம் (2006) தகுதியுள்ள வனவாழ் மக்களுக்கு, நீர்நிலைகளின் மீன் மீதான சமூக உரிமையை ஏற்கிறது.

படகுகளுக்கான கட்டுப்பாடுகள்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் (1983) மீன்பிடிப் படகுகளுக்குப் பதிவையும் உரிமத்தையும் கட்டாயமாக்குகிறது. விசைப்படகுகள் கரையிலிருந்து மூன்று கடல் மைல்களுக்குள் மீன்பிடிப்பதைத் தடுக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் விசைப்படகுகளுக்கே. அருகிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள்களில் மீனவர்கள் கடலுக்குச் செல்வது கட்டுப்படுத்தப்படுகிறது. ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமாக இருப்பதால் வனத்துறையின் விதிகளும் பொருந்தும். 2011 டிசம்பர் 25 அன்று இங்கு சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

காட்டுப்பள்ளி

எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் கொசஸ்தலையாற்று உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் சூழ்ந்த மணல்திட்டில் காட்டுப்பள்ளி அமைந்துள்ளது. எல் அண்ட் டி நிறுவனம் இங்கே கப்பல் கட்டும் தளத்தையும் துறைமுகத்தையும் நிறுவியது. துறைமுகம் 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. அதை 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருகின்றனர். 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் நடைபெறவில்லை. இக்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதைத் துறைமுகச் சுவர் மறித்தால் வடக்குப்பக்கம் அரிக்கும். ஏரியைக் கடலிடமிருந்து காக்கும் மணல்திட்டு மெலியும் என்பது மீனவர்களின் அச்சம்.

ஒத்த முறைகள்

இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கொச்சிக் காயலிலும் பாடு என்ற பெயரிலேயே ஒத்த வழக்கங்கள் உள்ளன. துருக்கியின் அலான்யா மீனவர்களும் சீட்டுப்போட்டு இடம் பிரித்து, நாள்தோறும் இடம் மாறுவார்கள். 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பொதுவளத்தை மக்களே காக்க முடியும் என்பதற்கு அலான்யாவை எடுத்துக்காட்டினார்.

இன்றைய தேவை

துறைமுகத்துக்கு எல்லைக்கல் உண்டு. மனைக்குப் பட்டா உண்டு. பாட்டு இடத்துக்கு மட்டும் அரசு ஆவணம் இல்லை. கடலோர மேலாண்மை வரைபடங்களில் பாட்டு இடங்களும் படகுத்துறைகளும் அவற்றுக்குச் செல்லும் பாதைகளும் இடம்பெற வேண்டும். இருளர்களையும் பெண்களையும் சேர்த்தே அந்தக் கணக்கு எடுக்கப்பட வேண்டும். அப்போதுதான் நீரை மாற்றும் எந்தத் திட்டமும் இவர்களின் உரிமைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.