தாளமும் தளையும்

கள்ளக்குறிச்சி! ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘குறிச்சி’, குறிஞ்சி நிலத்துச் சிற்றூரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். மேற்கே எழுந்து நிற்கிறது கல்வராயன் மலை.

குறிஞ்சிக்குத் தாளம் உண்டா? உண்டு! தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் நிலத்தின் கருப்பொருளாக எண்ணிற்று தொல்காப்பியம். குறிஞ்சிக்குரியது தொண்டகப்பறை என்றனர் உரையாசிரியர்கள். நிலத்துக்கொரு பறை வகுத்த அந்த வரிசையில் இழிவுக்கு இடமில்லை. அடித்த கையைத் தீண்டாதே என்றது பின்வந்த சாதி!

ஓசைக்கு அளவு எது? கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்றது அதே நூல். வேந்தனின் இமைக்கு ஒரு கணக்கு, வேலையாளின் இமைக்கு வேறொரு கணக்கு என்று அது பிரிக்கவில்லை.

யாப்பின் சொற்களைப் பாருங்கள். அசை என்றால் அசைவு. அடி என்றால் காலடி. தளை என்றால் கட்டு. உடலின் இயக்கத்தைக் கொண்டே மொழியின் ஒழுங்குக்குப் பெயரிட்டனர் தமிழர்.

பாட்டிலே தளை, சீரைச் சீரோடு சேர்க்கும். வாழ்விலே தளை, மனிதனை முடக்கும். கல்வராயன் மலைமக்கள் சுமந்தது இரண்டாவது தளை. 1947இல் நாடு விடுதலை பெற்றது. மலையிலோ ஜாகிர்தார்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது. கூலியின்றி உழைத்தனர் மக்கள். மண்வெட்டி எழுந்து விழுந்த ஒழுங்கிலும் தாளம் இருந்தது. விளைந்த பயன்தான் அவர்களுடையதாக இல்லை.

தோழர்களே! தன் விருப்பால் எழும் கையின் ஓசை தாளம். பிறர் ஏவலால் எழும் கையின் ஓசை விலங்கொலி. இரண்டையும் பிரித்தறியும் செவியே பகுத்தறிவின் செவி.