லேடாங் மலை கூறும் வரலாறு

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கே, மலாக்கா எல்லையை ஒட்டி எழுந்து நிற்பது லேடாங் மலை. 1,276 மீட்டர் உயரமுடைய இதுவே மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமாகும். விவிலியத்தில் சாலமோன் மன்னனுக்குப் பொன் வழங்கியதாகக் கூறப்பெறும் நாட்டின் பெயரால், ஐரோப்பியர் இதனை 'ஓபிர் மலை' என்றழைத்தனர்.

தங்காக்கை அடுத்த சாகிலில் அருவியோரமாகத் தொடங்கும் பாதை, அடர்ந்த காட்டினூடே மேலேறுகிறது. செங்குத்தான பாறைகளைக் கயிற்றையும் ஏணியையும் பற்றியே கடத்தல் வேண்டும்.

இயற்கையறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854-ஆம் ஆண்டில் இம்மலையேறினார். 'பாடாங் பத்து' என்னும் வெற்றுப் பாறைச் சரிவில் அவருடைய குழுவினரைத் தாகம் வாட்டியது. மலாய்க்காரர் 'குரங்குப் பானை' என்று பெயரிட்டழைக்கும் குடுவைச் செடிகளில் தேங்கியிருந்த நீரை, பூச்சிகள் மிதந்தபோதிலும், பருகித் தாகம் தணித்தனர். 1869-இல் வெளிவந்த தம் பயண நூலில் அவரே இதனைக் குறித்துள்ளார்.

எனினும், இம்மலையின் புகழுக்கு மூலம் 'செஜாரா மெலாயு' கூறும் இளவரசியின் கதையே. மலையில் வாழ்ந்த இளவரசியை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தான் மாமூட் தூதனுப்பினார். அவளோ மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னாலும் வெள்ளியாலும் பாலங்கள், ஏழு தட்டுக் கொசு இதயங்கள், கண்ணீர் நிறைந்த தாழி எனப் பலவும் கேட்டு, இறுதியில் சுல்தானின் குருதியும் அவர் மைந்தனின் குருதியும் வேண்டுமென்றாள். ஏனையவற்றைத் தர இசைந்த சுல்தான், குருதி சிந்த மட்டும் மனமின்றிப் பின்வாங்கினார்.

கதை இங்கு முடிகிறது, வரலாறு முடியவில்லை. 1510-ஆம் ஆண்டளவில் அதே சுல்தான், தம் முதலமைச்சர் பெண்டகாரா துன் முத்தாகிரைக் குடும்பத்தாருடன் கொல்வித்தார். அவ்வமைச்சர் இந்தியாவிலிருந்து வந்த மணி புரிந்தானின் வழித்தோன்றல். பின்னர் அரியணையை மகன் அகமதுவிடம் ஒப்படைத்தார். 1511-இல் போர்த்துக்கீசியரிடம் மலாக்கா வீழ்ந்தது. தலைநகரிழந்து அலைந்த காலத்தில், அம்மகனையும் அவரே கொல்வித்தார் என்று அந்நூல் கூறுகிறது. மலையில் தர மறுத்த குருதி, அரசியலில் சிந்தப்பட்டது.

இன்று மலையேறும் மாணவர்க்கு அருவியும் உச்சிக் காட்சியும் மட்டும் போதா. ஆசைக்கு எல்லை எது என்று ஓர் இளவரசி கேட்ட கேள்வியையும், அதனை மறந்த அரசின் முடிவையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வரசில் நம் முன்னோரும் உயர்ந்தனர். அதன் வீழ்ச்சியில் அவர்களும் மடிந்தனர்.