நிக்சனின் காலும் டிவி கேமராவும்

இன்னைக்கு கொஞ்சம் நீளமான இழை. டியூட்டி முடிச்சு வந்து எழுதறேன், பொறுமையா படிங்க.

ரிச்சர்ட் நிக்சன். அமெரிக்காவின் 37-வது ஜனாதிபதி. பதவியை ராஜினாமா செய்த ஒரே அமெரிக்க ஜனாதிபதி இவர்தான். நம்ம வீட்டுப் பெரியவங்களைக் கேட்டா, 1971 போரில் வங்காள விரிகுடா பக்கம் என்டர்பிரைஸ் கப்பலை அனுப்பி நம்மளை மிரட்டின ஆளுன்னு சொல்வாங்க. ரெண்டும் சரி.

ஆனா ஒரு டாக்டரா இவர் கதையைப் படிக்கும்போது எனக்கு வாட்டர்கேட்டை விட அதிகமா உறுத்துறது இவரோட காலும், இவர் டிவியில் வந்த விதமும்தான். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு.

1952. நிக்சனுக்கு 39 வயசு. ஐசன்ஹோவருடன் துணை ஜனாதிபதி வேட்பாளர். பணக்கார ஆதரவாளர்கள் இவருக்கு ரகசியமா சுமார் 18,000 டாலர் நிதி திரட்டிக் கொடுத்தாங்கன்னு பத்திரிகையில் வந்துடுச்சு. ஆளைக் கழட்டி விடலாமான்னு கட்சியே யோசிச்சுது. செப்டம்பர் 23 அன்னைக்கு நிக்சன் ஹாலிவுட்டில் ஒரு தியேட்டரில் இருந்து அரை மணி நேரம் நேரடியா டிவியில் பேசினார். பக்கத்தில் மனைவி பாட் உட்கார்ந்திருக்காங்க. வீட்டுக் கடன் எவ்வளவு, கார் எந்த வருஷத்து மாடல், எல்லாத்தையும் ஒப்பிச்சார். என் மனைவிகிட்ட விலை உயர்ந்த ரோமக் கோட்டு கிடையாது, சாதாரணத் துணிக் கோட்டுதான்னார். கடைசியில், ஒருத்தர் எங்களுக்கு ஒரு நாய்க்குட்டி அனுப்பினார், என் மகள் அதுக்கு செக்கர்ஸ்னு பேர் வச்சிருக்கா, யார் என்ன சொன்னாலும் அதைத் திருப்பித் தர மாட்டோம்னு சொன்னார்.

நாயைப் பத்தி யாருமே கேட்கலை! ஆனா சுமார் 6 கோடி பேர் பார்த்த அந்தப் பேச்சு வேலை செஞ்சுது. அவரை வச்சுக்கோங்கன்னு கட்சிக்குத் தந்தி குவிஞ்சுது. அப்புறம் எட்டு வருஷம் துணை ஜனாதிபதி. பத்திரிகைக்காரங்க தேவையில்லை, கேமராவைப் பார்த்துப் பேசினாப் போதும்னு அன்னைக்கு அவர் மனசில் பதிஞ்சுது.

அந்த நம்பிக்கையில் விழுந்த அடிதான் 1960.

அந்த வருஷம் ஜனாதிபதி தேர்தலில் எதிரே கென்னடி. ஆகஸ்டில் வட கரோலினாவில் பிரசாரத்தில் இருந்தப்போ கார் கதவில் நிக்சன் முழங்காலை இடிச்சுக்கிட்டார். சின்னக் காயம்தானேன்னு விட்டுட்டார். சீழ் பிடிச்சு, ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி மூட்டுக்குள்ள போயிடுச்சு. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சேர்ந்து கிட்டத்தட்ட ரெண்டு வாரம் ஆன்டிபயாடிக் ஊசி. வெளியே வந்ததும், விட்ட நாளைப் பிடிக்கணும்னு ஊர் ஊரா ஓடினார். உடம்பு இளைச்சு சட்டைக் காலரே தொளதொளன்னு ஆயிடுச்சு.

செப்டம்பர் 26, சிகாகோ. முதல் டிவி விவாதம். ஸ்டுடியோ வாசலில் இறங்கும்போது அதே முழங்காலை மறுபடியும் இடிச்சுக்கிட்டார்! மேக்கப் வேண்டாம்னுட்டார். தாடி நிழலை மறைக்க ஒரு பவுடர் மட்டும் பூசினாங்க. விளக்குச் சூட்டில் அது வேர்வையோட கலந்து வழிஞ்சுது. அவர் போட்டிருந்த சாம்பல் கலர் சூட் பின்னாடி இருந்த சாம்பல் கலர் சுவரோட கலந்து போச்சு. ஆனாலும் எனக்கு ஒண்ணுமில்லைங்கற மாதிரி ஒரு மணி நேரம் தாக்குப் பிடிச்சார்.

எதிர்ப்பக்கம் கென்னடி. பளபளன்னு, வெயிலில் நல்லா பழுத்த நிறம். இங்கதான் டாக்டர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம். கென்னடிக்கு அடிசன் நோய் இருந்தது. அட்ரீனல் சுரப்பி சரியா வேலை செய்யாத நோய், தினமும் ஸ்டீராய்டு எடுக்கணும். அந்த நோய்க்கே தோல் கருத்து வெண்கல நிறமா மாறும். அந்தத் தேர்தலில் கென்னடி தரப்பு இந்த நோயை மறுத்துச்சு. சில வாரத்தில் சரியாகற காயத்தோட இருந்தவரை ஜனங்க நோயாளின்னு நினைச்சாங்க. ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டியவர் ஆரோக்கியத்தின் விளம்பரம் மாதிரி தெரிஞ்சார்.

ரேடியோவில் கேட்டவங்க நிக்சன் ஜெயிச்சார்னாங்க, டிவி பார்த்தவங்க கென்னடி ஜெயிச்சார்னாங்கன்னு ஒரு கதை ரொம்பப் பிரபலம். நானும் நம்பிட்டிருந்தேன். தேடிப் போனா அடித்தளம் ரொம்ப பலவீனம். ஒரே ஒரு சர்வே. அதில் ரேடியோ கேட்டவங்க 300 பேருக்கும் குறைவு. அவங்க முன்னாடியே யார் பக்கம்னு கணக்கில் எடுக்கவே இல்லை. 1987-ல் ரெண்டு ஆய்வாளர்கள் இதைப் பிரிச்சு மேஞ்சுட்டாங்க. ஆனா நிக்சன் அந்தக் கதையை நம்பினார், அதுதான் முக்கியம். சுமார் 1 லட்சத்து சொச்சம் ஓட்டில் தோத்த மனுஷன் வேற என்னத்தை நம்புவார்?

அதுக்கப்புறம் தன் முகத்தை அவரே தயாரிக்க ஆரம்பிச்சார். 1963-ல் ஜாக் பார் நிகழ்ச்சியில் தானே இசையமைச்ச பாட்டைப் பியானோவில் வாசிச்சார். ரோஜர் எய்ல்ஸ்னு ஒரு இளம் டிவி தயாரிப்பாளரை ஆலோசகரா வச்சுக்கிட்டார் (ஆமா, பின்னாடி ஃபாக்ஸ் நியூஸை உருவாக்கின அதே ஆள்தான்). 1968 செப்டம்பரில் லாஃப்-இன் காமெடி நிகழ்ச்சியில் சில விநாடி தலைகாட்டி, அதில் எல்லாரும் சொல்ற பன்ச் வசனத்தை இவரும் சொன்னார். எதிர் வேட்பாளர் ஹம்ஃப்ரியையும் கூப்பிட்டாங்க, அவர் வரலை. நவம்பரில் நிக்சன் ஜனாதிபதி.

1972 சீனப் பயணம், செயற்கைக்கோள் மூலமா நேரடி ஒளிபரப்பு. அதே வருஷம் வாட்டர்கேட். 1973-ல் செனட் விசாரணையையும் ஜனங்க டிவியில்தான் பார்த்தாங்க. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கதை, விட்டுடறேன்.

1974 ஜூனுக்கு வாங்க. நிக்சனுக்கு இடது கால் வீங்கி வலி. ஃப்ளெபைட்டிஸ், அதாவது ரத்தநாள அழற்சி. உள்ளே ரத்தக்கட்டு. அது பிய்ஞ்சு நுரையீரலுக்குப் போனா ஆள் காலி. டாக்டர் எச்சரிச்சும் எகிப்து கிளம்பிட்டார். கெய்ரோவில் திறந்த காரில் நின்னு கையசைச்சார், ரயிலில் நின்னுக்கிட்டே போனார். கால் விஷயம் ஊருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 8 ராத்திரி டிவியில் ராஜினாமா அறிவிப்பு. ஒரு மாசத்தில் புது ஜனாதிபதி ஃபோர்டு பொதுமன்னிப்பு கொடுத்தார், நாடே கொதிச்சுது. அப்ப பார்த்து நிக்சன் ஆஸ்பத்திரியில் அட்மிட். தேதி செப்டம்பர் 23. நாய்க்குட்டி பேச்சுக்குச் சரியா 22 வருஷம்.

உதவியாளர்கள் மேல நடந்த வழக்கில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறணும். "நடிக்கிறான்யா"ன்னுதான் பலரும் நினைச்சாங்க. எப்படி நினைக்காம இருப்பாங்க?

ஆனா ஸ்கேனில் நுரையீரலில் ரத்தக்கட்டு. அக்டோபர் 29-ல் ஆபரேஷன், தொடைக்கு மேல இருக்கும் நரம்பில் கிளிப் போட்டாங்க. அதுக்கப்புறம் உள்ளுக்குள் ரத்தக்கசிவு, ஷாக், பிபி சரிஞ்சு சாவின் வாசல் வரை போயிட்டார். அப்பவும் நீதிபதி சிரிக்கா நம்பலை. மூணு டாக்டர் கொண்ட குழுவை அனுப்பினார். தலைவர் சார்லஸ் ஹஃப்நாகல், செயற்கை இதய வால்வு பொருத்திய முன்னோடி. அவங்க பார்த்துட்டு, நோய் நிஜம், பிப்ரவரிக்கு முன்னாடி வாஷிங்டன் வர முடியாதுன்னு எழுதிக் கொடுத்தாங்க. ஜனவரி 1 அன்னைக்குத் தீர்ப்பே வந்துடுச்சு. நிக்சன் சாட்சி சொல்லவே இல்லை. நோயும் நிஜம், அந்த நோய் அவரைக் காப்பாத்தினதும் நிஜம்.

இதை ஏன் இவ்வளவு விரிவா எழுதறேன்? சில வருஷம் முன்னாடி ஒரு நைட் டியூட்டியில் போலீஸ் ஒரு கைதியைக் கூட்டிட்டு வந்தாங்க. கால் வலி. "சார், இவன் போன வாரம் நெஞ்சுவலின்னான், அதுவும் நடிப்பு"ன்னார் கூட வந்த காவலர். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அந்த ஆள் முகமே அப்படி. பேன்ட்டைத் தூக்கிப் பார்க்காமலே வலி மாத்திரை எழுதி அனுப்பிட்டேன். மறுநாள் மூச்சிரைப்போட வந்தார். டேப் வச்சு அளந்தா ஒரு கெண்டைக்கால் இன்னொண்ணை விட 4 சென்டிமீட்டர் பெருசு. ஹெப்பாரின் போட்டுப் பிழைச்சுட்டார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கோபமா பேசலை, அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

நிக்சன் கடைசியா டிவியை முழுசா ஆண்டது 1977-ல், டேவிட் ஃபிராஸ்ட் பேட்டியில். அதுக்கு அவர் வாங்கின சம்பளம் 6 லட்சம் டாலர். ஜனாதிபதி செஞ்சா அது சட்டவிரோதம் ஆகாதுன்னு சொன்னதும் அதில்தான், மக்களை ஏமாத்திட்டேன்னு பாதி மன்னிப்பு கேட்டதும் அதில்தான். முதல் பகுதியை மட்டும் சுமார் நாலரைக் கோடி பேர் பார்த்தாங்க. பின்னாடி 1995-ல் ஆன்டனி ஹாப்கின்ஸ், 2008-ல் ஃபிராங்க் லாஞ்செல்லா ரெண்டு பேரும் அவரா நடிச்சு ஆஸ்கர் பரிந்துரை வரை போனாங்க. லாஞ்செல்லா நடிச்ச படமே இந்தப் பேட்டியைப் பத்தினதுதான். முடிஞ்சா பாருங்க.

1994 ஏப்ரல் 18. நிக்சனுக்கு 81 வயசு. மறுபடியும் ரத்தக்கட்டு, இந்தத் தடவை இதயத்தில் உருவாகி மூளைக்குப் போச்சு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு இதயத் துடிப்பு தாறுமாறா ஆகும் கோளாறு அவருக்கு இருந்தது. வலது பக்கம் விழுந்து, பேச்சும் போயிடுச்சு. நாலு நாள் இருந்தார்.

இடது கால் வீக்கத்தை இந்தத் தடவை யாரும் கேட்கலை. நீங்க கேளுங்க. வீட்டில் யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா, தைலம் தேய்ச்சுட்டுப் படுக்காதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அன்னைக்கே போங்க. டாக்டர் பேன்ட்டைத் தூக்கிப் பார்க்கலைன்னா, "சார், அளந்து பாருங்க"ன்னு நீங்களே சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டோம்.