‘உள்நாட்டுப் படம்’ என்பது எந்த மொழிப் படம்? மலேசியத் தமிழ்ப்படம் எடுத்த கதையும் விற்ற கதையும்

“மலேசியத் தமிழ்ப்படங்களின் வளர்ச்சி” என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால் மாணவர்கள் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். “நமது கலைஞர்களுக்கு நாம் ஆதரவு வழங்க வேண்டும்” என்று தொடங்கி, அதே வரியில் முடிப்பார்கள். நடுவில் ஒரு படத்தின் பெயர் இருக்காது, ஓர் ஆண்டு இருக்காது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நம்ம பாடநூல்களில் இந்த வரலாற்றுக்கு இடம் மிகக் குறைவு. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை. ஆசிரியர்கள் துணைப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். தேர்வெழுதும் மாணவர்கள் ஆண்டுகளையும் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு முரணைக் கவனியுங்கள். இந்த நாட்டில் மலாய்ப்பட உலகை உருவாக்கியவர்களில் இந்தியர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 1930களில் சிங்கப்பூரில் ‘லைலா மஜ்னுன்’ என்ற மலாய்ப்படத்தை எடுத்தவர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். பினாங்கு இளைஞரான பி. ரம்லியைக் கண்டெடுத்து, 1948இல் ‘சிந்தா’ படத்தில் சேர்த்தவரும் அவரே. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்த தமிழர். ஆக, நம்மவர்களுக்குப் படம் எடுக்கத் தெரியாமல் இல்லை. அப்புறம் ஏன் அப்போதே இங்கே தமிழ்ப்படம் எடுக்கவில்லை?

காரணம் எளிது. தமிழ்ப்படம் சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களின் பெட்டி வந்து இறங்கினால் ஈப்போவில் கூட்டம் தானாகச் சேரும். ஆயத்தமாக வரும் பொருளை விட்டுவிட்டு, இங்கே பணம் போட்டுப் புதிதாகத் தயாரிக்க எந்த முதலாளி முன்வருவார்? தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய படங்களும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவைதான். இங்கேயே தயாரானது என்றால், 1946இல் தொடங்கப்பட்ட மலாயா திரைப்படப் பிரிவு எடுத்த செய்திப் படங்களைச் சொல்லலாம். அவசரகாலத்தில் தகவல் இலாகாவின் வேன்கள் அவற்றைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டு போய்க் காட்டின. அவை அரசாங்கம் மக்களிடம் சொல்ல விரும்பிய கதைகள். மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைகள் அல்ல.

1960களின் இறுதியில் ‘ரத்தப் பேய்’ என்றொரு முயற்சி நடந்தது. அதன்பின் நீண்ட இடைவெளி. 1991இல் சுகன் பஞ்சாட்சரம் இயக்கத்தில் ‘நான் ஒரு மலேசியன்’ வந்தது. அந்தத் தலைப்பையே ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஒரு படம் தன்னை இந்த நாட்டுப் படம் என்று பெயரிலேயே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் சென்னைக்காரர்கள் இங்கே வந்து படம் பிடித்துப் போனார்கள். ரஜினியின் ‘பிரியா’ (1978) ஓர் எடுத்துக்காட்டு. நம்ம ஊர் அதில் பின்னணியாகத் தெரிந்தது, நம்ம கதை தெரியவில்லை.

பேரா மாநிலத்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். கோப்பெங், பத்து காஜா, பாப்பான், ஈப்போ வட்டாரத்தின் பழைய ஈயநகரக் கட்டடங்களுக்குப் படப்பிடிப்பு புதிதல்ல. ‘அன்னா அண்ட் தி கிங்’ (1999) குழு இந்த வட்டாரத்துக்கு வந்தது. ஆங் லீயின் ‘லஸ்ட், காஷன்’ (2007) படத்துக்கு ஈப்போத் தெருக்கள் பழைய ஹாங்காங்காக மாறின. கோப்பெங்கிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் கெல்லி மாளிகையைக் கட்டியதில் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு உண்டு. அவர்களுக்காகக் கட்டப்பட்ட மாரியம்மன் கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் மாளிகையைப் படம் பிடிக்கிறார்கள். கோவிலின் கதையை யாராவது முழுநீளப் படமாக எடுத்தால் நான் முதல் ஆளாக டிக்கெட் வாங்குவேன்.

ஈப்போவைத் தன் ஊராகவே நினைத்துப் படம் எடுத்தவர் யாஸ்மின் அகமட். ‘செப்பெட்’ (2005), ‘தாலென்டைம்’ (2009) இரண்டும் இந்த நகரத்தின் மண்ணிலேயே எடுக்கப்பட்டவை. பிந்தியதில் மகேஷ் என்ற காது கேளாத மாணவனின் வீடு கதையின் மையத்தில் இருக்கிறது. மலாய்ப் பெண் ஒருவர் எடுத்த படத்தில் நம் வீட்டுச் சமையலறையும் துக்கமும் அவ்வளவு இயல்பாக வந்தன. ஆனாலும் அது தமிழ்ப்படம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி கட்டுரையின் மையத்துக்கு வருவோம். 2000க்குப் பிறகு இலக்கவியல் கேமரா மலிவானது. பிலிம் சுருள் வாங்கும் செலவும் அதைக் கழுவும் செலவும் இல்லை. அமீர் முகமது, ஜேம்ஸ் லீ, தான் சுய் முய் போன்ற இளைஞர்கள் சிறு தொகையில் படம் எடுக்கத் தொடங்கிய அலை அது. அந்த அலையில் வந்த தமிழர் தீபக் குமரன் மேனன். அவருடைய ‘செம்மண் சாலை’ (2005) ஒரு ரப்பர் தோட்டக் குடும்பத்தின் கதை. சாந்தா என்ற பெண் பல்கலைக்கழகம் போக ஆசைப்படுகிறாள். வீட்டு வருமானம் இடம் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, குத்தாட்டம் இல்லை. பால்மரம், லயத்து வீடு, விடியற்காலை வேலை, அதிகம் பேசாத மனிதர்கள். பிரான்ஸ் நாட்டு நான்ட் நகரின் மூன்று கண்டங்கள் திரைப்பட விழாவில் அது சிறப்பு நடுவர் விருது பெற்றது. அடுத்து அவர் எடுத்த ‘சலங்கை’யும் வெளிநாட்டு விழாக்களுக்குப் போனது.

வெளிநாட்டில் விருது வாங்கிய படத்தை உள்நாட்டில் விற்க முடியாதா என்று கேட்பீர்கள். இங்கேதான் கணக்குப் பாடம் வருகிறது.

புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு போடுகிறேன், எண்கள் கற்பனையானவை. ஒரு டிக்கெட்டின் அடிப்படை விலை 12 வெள்ளி. அதன்மேல் கேளிக்கை வரி 25 விழுக்காடு, அதாவது 3 வெள்ளி. நாம் கொடுப்பது 15 வெள்ளி. வரி மாநில அரசுக்குப் போகும். மிச்சமுள்ள 12 வெள்ளியைத் திரையரங்கும் படத்தரப்பும் ஏறக்குறையப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளும். படத்தரப்புக்கு வந்த 6 வெள்ளியில் விநியோகஸ்தர் தன் கழிவை எடுத்துக்கொள்வார். தயாரிப்பாளர் கைக்கு 5 வெள்ளி வந்தால் நல்ல ஒப்பந்தம். இப்போது சொல்லுங்கள், 3 லட்சம் வெள்ளி போட்டு எடுத்த சிறு படம் முதலைத் திருப்ப எத்தனை பேர் வர வேண்டும்? 60,000 பேர். சுவரொட்டி, முன்னோட்டம், வானொலி விளம்பரம் எதையும் இன்னும் கூட்டவில்லை. நாட்டில் இந்தியர்கள் மொத்தம் சுமார் 20 லட்சம் பேர். அதில் தமிழ்ப்படம் பார்ப்பவர் எத்தனை, திரையரங்குக்குப் போகிறவர் எத்தனை, ரஜினி படம் அல்லாத படத்துக்குப் போகிறவர் எத்தனை என்று வடிகட்டிக்கொண்டே வாருங்கள்.

இந்த இடத்தில்தான் அரசாங்கச் சலுகை முக்கியமாகிறது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஃபினாஸ், அதாவது தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம், உள்நாட்டுப் படங்களுக்கு இரண்டு பெரிய உதவிகளுக்கு வழி செய்தது. ஒன்று, வசூலான கேளிக்கை வரியைத் தயாரிப்பாளருக்கே திருப்பித் தருவது. மற்றொன்று, திரையரங்குகள் உள்நாட்டுப் படத்தைக் குறிப்பிட்ட நாள் கட்டாயம் ஓட்ட வேண்டும் என்ற ‘வாஜிப் தாயாங்’ திட்டம். நம் எடுத்துக்காட்டில் வரி 3 வெள்ளி திரும்பக் கிடைத்தால் 5 வெள்ளி 8 வெள்ளியாகும். 60,000 பேர் தேவைப்பட்ட இடத்தில் 37,500 பேர் போதும். ஒரு சிறு படத்துக்கு இது உயிர் போகிற, வருகிற வித்தியாசம்.

ஆனால் ‘உள்நாட்டுப் படம்’ என்று எதைச் சொல்வது? நெடுங்காலம் அந்தத் தகுதி மொழியோடு சேர்ந்தே பார்க்கப்பட்டது. உரையாடலில் 70 விழுக்காடு தேசிய மொழியில் இருக்க வேண்டும் என்பது அளவுகோல். தயாரிப்பாளர் மலேசியர், நடிகர் மலேசியர், பிடித்த இடம் பேராக் தோட்டம், பேசுகிற மொழி அந்தத் தோட்டத்தில் நூறாண்டுக்கு மேல் பேசப்பட்ட தமிழ். இருந்தும் அளவுகோலில் படம் வெளியே நின்றது. வரிச் சலுகையில் இந்த மொழி நிபந்தனை பின்னாளில் தளர்ந்தது. மனத்தில் இருந்த கோடு அவ்வளவு சீக்கிரம் அழியவில்லை என்பதை 2016 காட்டியது.

அதற்கு ‘ஜகாட்’ படத்தைப் பற்றிப் பேச வேண்டும். சஞ்சய் குமார் பெருமாள் எழுதி இயக்கிய இந்தப் படம் 2015 டிசம்பர் 17இல் வெளிவந்தது. மலாய் மொழியின் ‘ஜாஹாட்’ நம்ம ஆட்கள் வாயில் ‘ஜகாட்’ ஆன கதை தலைப்பிலேயே இருக்கிறது. காலம் 1990களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளில் வாழ்கின்றன. அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். படி, படி என்று விரட்டும் அப்பா மணியம் ஒரு பக்கம். குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பாவின் கவர்ச்சி மறுபக்கம். பையன் குறும்புக்காரன், கற்பனைக்காரன். அந்தக் கற்பனைக்கு வீட்டிலும் இடமில்லை, பள்ளியிலும் இடமில்லை. ஆசிரியர்களாகிய நாம் இந்தப் படத்தைப் பார்க்கும்போது நாற்காலியில் கொஞ்சம் நெளியத்தான் வேண்டும். தோட்டத் துண்டாடலால் வந்த இடப்பெயர்வைப் பற்றிப் பத்துப் பக்கம் விளக்குவதைவிட இந்தப் படம் மாணவருக்கு அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

அது வெளிவந்த வாரத்தைப் பாருங்கள். உலகமே காத்திருந்த புதிய ‘ஸ்டார் வார்ஸ்’ படமும் அதே வாரம்தான் வந்தது. திரையரங்குக்காரர் பெரிய மண்டபத்தை யாருக்குக் கொடுப்பார்? சிறு படத்துக்கு முதல் வார இறுதிதான் தேர்வு நாள். வெள்ளி, சனி, ஞாயிறில் இருக்கை நிரம்பவில்லை என்றால் திங்கள்கிழமை காட்சி பகல் 11 மணிக்குத் தள்ளப்படும். பகல் 11 மணிக்கு வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? வரவில்லை என்றால் “பார்த்தீர்களா, ஆளே இல்லை” என்று படம் எடுக்கப்படும். கோப்பெங் போன்ற ஊரிலிருந்து பார்க்க நினைப்பவர் ஈப்போவுக்கு 20 கிலோமீட்டர் போக வேண்டும். சனிக்கிழமை சம்பளம் வந்தபின் குடும்பத்தோடு போகலாம் என்று நினைப்பதற்குள் படம் போயிருக்கும். “நம்மவர்கள் ஆதரவு தருவதில்லை” என்று மேடையில் சொல்வது சுலபம். காட்சி நேரத்தையும் பேருந்து நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னால் நியாயமாக இருக்கும்.

‘ஜகாட்’ வாய்மொழியாலும் சமூக ஊடகத்தாலும் பேசப்பட்டது. தமிழ் தெரியாதவர்களும் பார்த்துப் பேசினார்கள். அடுத்த ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழா வந்தது. அங்கே ‘ஜகாட்’, பல மொழி பேசும் ‘ஓலா போலா’ இரண்டும் “தேசிய மொழி அல்லாத படம்” என்று தனிப் பிரிவில் வைக்கப்பட்டன. எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதை மாணவர்கள் அவசியம் குறித்துக்கொள்ளுங்கள். ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தாம் வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். 2011இல் ‘அப்பளம்’ என்ற தமிழ்ப்படத்தையே இயக்கிய நடிகர் அஃப்டலின் ஷவ்கி விழாவிலிருந்து விலகினார். ஆதரவாளராக இருந்த வங்கியும் பின்வாங்கியது. ஏற்பாட்டாளர்கள் விதியை மாற்றினார்கள். சிறந்த மலேசியப் படம் என்ற விருது எல்லா மொழிக்கும் பொதுவானது. தேசிய மொழிப் படத்துக்குத் தனி விருது வைக்கப்பட்டது. 2016 செப்டம்பரில் அந்தப் பொது விருதை வாங்கியது ‘ஜகாட்’.

விருது வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. விருது கிடைத்தபோது படம் திரையரங்கை விட்டுப் போய்ப் பல மாதமாகியிருந்தது. அதே 2016 ஜூலையில் மலேசியாவில் பிடிக்கப்பட்ட ‘கபாலி’ வந்து நாடெங்கும் திரைகளை நிரப்பியது. நம்ம குண்டர் கும்பல், நம்ம தோட்டம், நம்ம ஊர் என்று இரண்டு படங்களும் தொட்ட விஷயம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் ஆறாம் படிவ மாணவருக்கு நல்ல பயிற்சி.

விற்பனையில் வேறு வழி கண்டவர்களும் உண்டு. இயக்குநர் விமலா பெருமாளும் நடிகர், தயாரிப்பாளர் டேனிஸ் குமாரும் ‘விளையாட்டு பசங்க’ (2011), ‘வெட்டி பசங்க’ (2014), ‘வெடிகுண்டு பசங்க’ (2018) என்று ஒரே சாயலில் தலைப்பு வைத்தார்கள். பார்ப்பவருக்கு “அந்தப் பசங்க படக் குழு” என்று அடையாளம் விழுந்துவிடும். சிலர் இதை மலிவான உத்தி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளம்பரத்துக்குப் பணம் இல்லாதவர் பெயரையே விளம்பரமாக்குகிறார். ஷாலினி பாலசுந்தரம் ‘கீதையின் ராதை’ (2016) மூலம் இளைஞர் கூட்டத்தைப் பிடித்தார். ஜேகே விக்கி இயக்கிய ‘பூச்சாண்டி’ 2022 ஜனவரியில் இங்கே வெளியாகி, அதே ஆண்டு தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கும் போனது. நம்ம ஊர்ப் பேச்சுத் தமிழை மாற்றிக்கொள்ளாமலேயே போனது என்பது தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டியது.

கடைசியாக, வகுப்பில் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. ‘ஜகாட்’டில் அடிதடியும் கொச்சைப் பேச்சும் உண்டு. கீழ்ப்படிவங்களுக்கு முழுப்படம் வேண்டாம். நீங்கள் முதலில் பார்த்துவிட்டு, அப்போயும் அப்பாவும் வரும் காட்சிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ‘செம்மண் சாலை’யைப் படிவம் 4, 5க்குத் தயங்காமல் காட்டலாம். மெதுவாக நகரும், மாணவர்கள் முதல் கால்மணி நேரம் முணுமுணுப்பார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள். திருட்டுப் பதிவை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். மேலே போட்ட கணக்கில் அந்த 5 வெள்ளி யாருடையது என்று மாணவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.