ஆஃப் சீஸன்

மார்ச் மாதத்தில் வங்கியில் விடுப்புக் கேட்க முடியாது; ஆண்டுக் கணக்கு முடிவு. மே மாத விடுப்பெல்லாம் பள்ளிக்கூடக் குழந்தைகள் உள்ளவர்களுக்குப் போய்விடும். எனக்கு மிஞ்சியது பிப்ரவரி நடுவில், மாசி பிறந்த வாரத்தில், ஐந்து நாட்கள். உதகமண்டலம் போனேன். விடுதிக்காரர் சாவியைக் கொடுத்துக்கொண்டே, “இப்ப எதுக்கு சார் வந்தீங்க? ஆஃப் சீஸன். பாக்க ஒண்ணும் இருக்காது” என்றார். ஒன்றும் இல்லாததைப் பார்க்கத்தான் வந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

முதல் நாள் காலை அந்த ஆசை நிறைவேறியது. புல்லின்மேல் உறைபனி உப்புப் பூத்ததுபோல் கிடந்தது. ஏரியில் படகுகள் கட்டிக்கிடந்தன. மலை எனக்காகவே காலிசெய்து தரப்பட்டிருப்பதாக ஒரு நிறைவு. இந்த நிறைவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அது என்னுடையது மட்டுமல்ல. அதற்கு இருநூறு ஆண்டுச் சரித்திரம் உண்டு.

‘சீஸன்’ என்பது மலையின் சொல் அல்ல. சமவெளியில் உஷ்ணம் தாங்காதவர்களின் சொல். 1870 முதல் உதகை சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகர். கவர்னர் மட்டும் மலையேறவில்லை. கோப்புகளும் அவற்றைச் சுமந்த குமாஸ்தாக்களும் ஏறினார்கள். (என் உத்தியோக முன்னோர்களை நான் மறப்பதற்கில்லை.) 1899இல் ரயில் குன்னூர் வரை வந்தது, 1908இல் உதகைக்கே வந்தது. அந்த அரசாங்க இடப்பெயர்ச்சி நின்று தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் அதன் பஞ்சாங்கம் நிற்கவில்லை. 1896இல் தொடங்கிய மலர்க்காட்சி இன்றும் மே மாதத்தில்தான் நடக்கிறது. கூட்டம் தாளாமல் 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற ஆணையின்பேரில் வாகனங்களுக்கு இ-பாஸ் கொண்டுவர வேண்டிவந்தது. வருடத்தில் சில வாரங்களுக்குப் பெயர் ‘சீஸன்’; மீதிக்கு ‘ஒண்ணும் இல்லை’.

ஆனால் இந்த நகரத்தின் மூலம் சீஸனில் இல்லை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியது 1819 ஜனவரியில், கடுங்குளிரில். அந்தக் குளிர்தான் அவரை வசீகரித்தது. சொந்த தேசத்தின் சீதோஷ்ணத்தை அவர் இங்கே கண்டார். பிறகு ஏரி வெட்டினார், கல் வீடு கட்டினார், ஏக்கர் ஒரு ரூபாய் என்ற விலையில் தோடர்களிடம் நிலம் வாங்கினார். நிலம் தோடர்களுக்கே சொந்தம் என்று அரசிடம் வாதாடியவரும் அவர்தான் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அந்தக் கட்சி தோற்றது. தோடர்களுக்கு இருப்பது மேய்ச்சல் உரிமை மட்டுமே என்ற கட்சி வென்றது. வேலி இல்லை, உழவு இல்லை, எனவே உடைமையும் இல்லை என்பது அதன் தர்க்கம். ஊரின் ஆங்கிலப் பெயரிலேயே தோடர்களின் ‘மந்து’ ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரில் இருந்தவர்கள் பத்திரத்தில் இல்லை.

வெறுமை என்ற இந்தப் பார்வை மனிதர்களோடு நிற்கவில்லை. நீலகிரியின் மேல்தளத்தில் சோலைக்காடுகள் மடிப்புகளில் ஒடுங்கியிருக்கும், மேடுகளில் புல்வெளி. புல்வெளி என்பது மரம் வளரத் தவறிய இடம் அல்ல. திறந்த வெளியில் இறங்கும் உறைபனியில் சோலை மரங்களின் நாற்றுகள் கருகிவிடுகின்றன, அதனால் காடு மேட்டில் ஏறுவதில்லை என்பது செல்வாக்குள்ள ஒரு விளக்கம். தீயையும் மேய்ச்சலையும் காரணமாகச் சொல்பவர்களும் உண்டு. எப்படியாயினும், இந்தப் பனிக்காலம் புல்வெளியைக் காக்கும் காலங்களில் ஒன்று. நிர்வாகத்தின் கண்ணுக்கு அது தரிசு. 1840களை ஒட்டி விறகுக்காக வந்த ஆஸ்திரேலிய மரங்கள், கற்பூர மரமும் வாட்டிலும், இருபதாம் நூற்றாண்டில் கூழுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் புல்வெளிகளை மூடின. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வேலை ஓயவில்லை, தீவிரமடைந்தது. வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

நம் இலக்கணமும் என் மனோபாவத்துக்குத் துணைநிற்கிறதோ என்று தோன்றியது. தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் தருகிறது. மாசி, பங்குனியாகிய பின்பனியைப் பாலைக்குக் கொடுத்துவிடுகிறது. அது பிரிவின் காலம். அங்கே மலையும் பிரிந்து போகிறவன் கடக்கும் வழியாகிவிடுகிறது. கவிதைக்கு இது பெரிய கொடை, மறுக்கவில்லை. ஆனால் பின்பனியில் மலையைப் பார்க்கும் வாசகன் பிரிவைத் தேடியே பழகிப்போகிறான். அங்கே தங்கியிருப்பவர்கள் அவன் கண்ணில் படுவதில்லை.

என் கண்ணிலும் படவில்லை. நான்காம் நாள் அதிகாலை நகரத்துக்கு வெளியே நடந்தபோதுதான் பார்த்தேன். சரிவுத் தோட்டத்தில் கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டருமாக ஐந்தாறு பெண்கள், வெயில் ஏறுமுன் பயிர்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பனி படிந்த இலையில் வெயில் நேராகப் பட்டால் கருகிவிடுமாம். கூப்பிடு தூரத்தில்தான் நான் மூன்று நாட்களாக ‘ஆளில்லாத மலை’யை ரசித்துக்கொண்டிருந்தேன். ஓரமாக நின்ற பெண்ணிடம் ஏதாவது கேட்கவேண்டுமே என்று, “இப்போ ஆஃப் சீஸன், வேலை குறைவா இருக்குமோ?” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “சீஸன் டவுனுக்குத்தானுங்க சார்” என்றாள். “எங்களுக்கு இந்த ரெண்டு மாசந்தான் தூக்கமில்லாத மாசம். போன வாரம் ஒரே ராத்திரியில கீழ்ப்பாத்தி கிழங்கு பூராவும் போச்சு.”

கீழ்ப்பாத்தியைக் காட்டினாள். செடிகள் கறுத்துத் துவண்டு கிடந்தன. அதன் ஓரமாகத்தான் நான் தினமும் நடந்து போயிருக்கிறேன்.